தேனரசி இனி வரமாட்டாள்

1

தேனரசிக்குக் காய்ச்சலா என்று ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார்களா என்று இன்னொரு பிள்ளை. ஒரு தம்பி, "நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா மாமா?" என்று பென்சிலால் எழுதி, பெயர்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறான். அந்தக் கடிதத்துக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தம்பி, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தவன் நான். மூன்று மாதமாக இந்த இதழில் 'ஐந்தாம் மாடி வீடு' தொடர்கதை ஏன் வரவில்லை என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது கதை இல்லை. கடைசியில் நீதி இருக்குமா என்றும் தெரியவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: நான் சிங்கப்பூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சுவா சூ காங் பக்கம் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி ஒன்றில், ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். நான், என் மனைவி கலா, எங்கள் ஒரே மகள் யாழினி. வேலைக்குப் போகும் நேரம் போக உங்களுக்குக் கதை எழுதினேன். கதையில் வரும் தேனரசி என் மகள்தான். கதையில் அவளுக்கு ஒரு தம்பி உண்டு. நிஜத்தில் இல்லை.

2

தொடக்கம் நல்லதாகத்தான் இருந்தது. யாழினிக்கு அப்போது ஆறு வயது. மாடி நடைபாதையில் பந்து உருட்டி, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பூந்தொட்டியை உடைத்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவளே போய்க் கதவைத் தட்டி, உடைந்த துண்டை நீட்டி, சாரி சொல்லிவிட்டு வந்தாள். ஆன்ட்டி அவளுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்பினார்.

அன்று எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊரில் இருந்தால் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். இங்கே யாரிடம் சொல்வது? எழுதினேன். பெயரை மட்டும் தேனரசி என்று மாற்றி உங்கள் இதழுக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது.

ஒரு கதை வந்தால் அடுத்த கதை வேண்டுமே. அப்போதுதான் வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். அதற்கு 'இன்றைய தவறு' என்று பெயர். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், சோற்றில் கை வைக்கும் முன், ஒவ்வொருவரும் அன்று செய்த ஒரு தவறைச் சொல்லவேண்டும். யாரும் திட்டக்கூடாது. சொல்லி முடித்துவிட்டுச் சாப்பிடவேண்டும். கதையில் அதைப் படித்துவிட்டு உங்களில் பலர் வீட்டிலும் அதைத் தொடங்கியதாக எழுதியிருந்தீர்கள். ஒரு பள்ளியில் மதியச் சத்துணவுக்கு முன்னால் செய்கிறார்களாம். படித்தபோது கண் நிறைந்தது.

ஒன்றை மறைத்துவிட்டேன். மேசையில் உட்காரும்போது என் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யாழினி சொல்லி முடித்ததும், கை கழுவப் போகும் சாக்கில் குறித்துக்கொள்வேன்.

3

என் வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் முதலில் எங்களுக்குத்தான் போன் வரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு பேராவது மாட்டிக்கொள்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "எந்த பட்டனை அழுத்தினீங்க?" என்று கேட்பேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ஒன்றையும் தொடவில்லை. கதவைக் காலால் மறித்தவரும், உள்ளே குதித்து விளையாடிய பையனும் அதையேதான் சொல்வார்கள். என்னோடு வேலை பார்த்த மலாய்க்காரர் ஒருவர் ஒருநாள் சொன்னார், மாட்டிக்கொண்டவனிடம் என்ன செய்தாய் என்று கேட்காதே, அவனுக்கு வெளியே வரவேண்டும், அதற்கு எது உதவுமோ அதைத்தான் சொல்வான் என்று. அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை. என் பெயரைச் சொல்வேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளதைச் சொல்வேன். மேலே மெஷின் ரூமுக்குப் போய், லிஃப்ட் நகராதபடி மெயின் சுவிட்சை அணைப்பேன். அதற்குப் பிறகுதான் கதவில் கை வைப்பது.

வேலையிடத்தில் இவ்வளவும் தெரிந்தவன், வீட்டில் ஏழு வருடம் தினமும் கேட்டேன்.

4

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க மூவரும் லிட்டில் இந்தியா போனோம். தேக்கா சந்தைப் பக்கம் வழக்கமான கடை. கலா வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. தீபாவளி இதழில் எங்கள் படம் வந்திருந்ததல்லவா, அதை வைத்து அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒன்பது வயதிருக்கும் அவர்கள் மகள் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதான தேனரசி?"

யாழினி சிரித்தாள்.

"இன்னிக்கு உங்க தப்பு என்னக்கா?"

யாழினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரயில்ல ஒரு தாத்தா நின்னுட்டு வந்தாரு. நான் தூங்குற மாதிரி நடிச்சேன். இறங்கினப்புறம் மனசு கேக்கல," என்றாள். அந்தப் பிள்ளையின் அம்மா யாழினியின் கன்னத்தைத் தடவி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு குழந்தையா என்று உருகிப் போனார். படம் எடுத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்திரிக்காய்க் கூடைக்குப் பின்னால் திரும்பி நின்று, நோட்டை எடுத்து, 'ரயில் - தாத்தா - தூக்கம்' என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. காலையில் சுவா சூ காங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை நாங்கள் மூவரும் நின்றுகொண்டேதான் வந்தோம். யாழினி உட்காரவே இல்லை.

பொய் சொல்லிவிட்டாளே என்றுகூட எனக்கு முதலில் தோன்றவில்லை. எவ்வளவு சரளமாக வந்தது என்றுதான் தோன்றியது. எங்கள் மேசையில் வருவது போலவே.

5

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. இங்கே பாட நேரத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஏதாவது ஒரு குழுவில் இருந்தாகவேண்டும். யாழினி இந்திய நடனக் குழுவில் இருந்தாள். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அந்த மொழியில் கடிதம் என்றாலே இரண்டு முறை படிக்கவேண்டும். இதை நான்கு முறை படித்தேன். உங்கள் மகள் குழு மாறி இரண்டு மாதம் ஆகிறது, நடன உடையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, தயவுசெய்து கொடுத்தனுப்பவும்.

இரண்டு மாதம். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்தான் மேசையில் அவள் சொல்லியிருந்தாள், நடன வகுப்பில் தோழியின் சலங்கையை மிதித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டதாக. அதைத்தான் நீங்கள் 'சலங்கை' என்ற கதையாகக் கடைசியாகப் படித்தீர்கள். தேனரசி சலங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் இடத்தை எழுதும்போது நானே அழுதேன்.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டு போனைக் காட்டினேன். வாசித்தாள். மாட்டிக்கொண்ட முகம் இல்லை. களைத்துப்போன முகம்.

"இப்ப ஃபிளோர்பால்ல இருக்கேன்," என்றாள். மட்டையால் பந்தடிக்கும் விளையாட்டு அது.

"அப்ப அந்தச் சலங்கை?"

"நடக்கல."

"ரூலரை உடைச்சது? நூலகப் புத்தகம்?"

"ப்ரைமரி ஃபைவ்ல இருந்து எதுவுமே நடக்கலப்பா. எதுல நீதி வரும்னு எனக்குத் தெரியும்லா. காலையில பஸ்ல போகும்போதே ஒண்ணு ரெடி பண்ணி வச்சுருவேன். சின்னதா, நீங்க சந்தோஷப்படுற மாதிரி."

இரண்டரை வருடம். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: கதையில் வரும் அப்பா கத்தமாட்டார். நான் கத்துவேன். அன்று கத்த வாயைத் திறந்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் கத்தாமல் பதில் சொன்னாள்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் அவள் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தை மேசையில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். பிறகு எழுதினேன். இதழ் வந்தது. அவள் பள்ளித் தமிழாசிரியை நல்ல கதை என்று வகுப்பில் சத்தமாக வாசித்தார். பெயர் தேனரசிதான். ஆனால் ஐந்தாம் மாடி, அப்பாவுக்கு லிஃப்ட் வேலை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, எல்லாம் அப்படியே இருந்தது. முப்பது பிள்ளைகளும் திரும்பி அவளைப் பார்த்திருக்கிறார்கள். ஆசிரியை முடிக்கும்வரை அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அந்த விஷயம் என்ன என்று நான் மறுபடி எழுதமாட்டேன். பழைய இதழ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தேடவேண்டாம்.

"கதையில ஒரு தம்பிய வச்சீங்க," என்றாள் யாழினி. "அவன் எதுக்கு இருக்கான்? ஒரு தப்பாவது அவன் பண்ணட்டுமேன்னு எத்தன தடவ சொன்னேன். எல்லாத் தப்பும் நான்தான் பண்ணணும், எல்லா சாரியும் நான்தான் சொல்லணும்."

அடுப்படியிலிருந்து கலா வந்தாள். குழு மாறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அவள்தான். மாறியது மட்டுமல்ல, நடன வகுப்பில் என்ன நடந்தது, எந்தத் தோழி பேசுவதில்லை, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் இருவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் மேசையில் காத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கலாவைக் கேட்டேன்.

"எங்கிட்ட சொன்னா எங்கயும் அச்சாகாது," என்றாள்.

பிறகு யாழினி கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க மட்டும் உண்மையா சொன்னீங்களாப்பா? தினமும் தண்ணி குடிக்க மறந்துட்டேன், செடிக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டேன். இதான உங்க தப்பு?"

6

கேள்வி நியாயமானது. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதையின் கீழே என் பெயருக்குப் பக்கத்தில் 'பொறியாளர், சிங்கப்பூர்' என்று போட்டிருப்பார்கள். முதல் கதையிலேயே இதழ்க்காரர்கள் அப்படிப் போட்டுவிட்டார்கள். நான் திருத்தவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன். ஐடிஐ படித்துவிட்டு வந்த மெக்கானிக். ஏழு வருடமாக மாதாமாதம் அந்தச் சொல்லைப் பார்த்தேன், மாதாமாதம் பேசாமல் இருந்தேன். எங்கள் மேசையில் ஒருநாளும் இதை நான் 'இன்றைய தவறு' என்று சொன்னதில்லை.

இதற்குள் புத்தகம் வேறு தயாராகிவிட்டது. ஐம்பது கதைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, மேலட்டையில் 'ஓர் உண்மைக் குடும்பத்தின் கதை' என்று போட்டு, பின்னட்டையில் யாழினியின் படம். பதிப்பாளர் ஒரு சம்மதத் தாள் அனுப்பியிருந்தார். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகாததால் தகப்பன் கையெழுத்துப் போதும். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மேலும் கீழும் பார்த்தேன். அவள் முகம், அவள் பெயர், அவள் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருந்தது. அவள் கையெழுத்துக்கு மட்டும் இடமே இல்லை.

பதிப்பாளர் நல்ல மனிதர். போனில் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். நடக்கவில்லை என்றால் என்ன, பிள்ளைகளுக்கு நல்லது போய்ச் சேர்ந்தால் சரி, எந்தக் கதைதான் நடந்தது என்றார். 'உண்மை' என்ற சொல்லை மட்டும் அட்டையிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அட்டையில் எடுத்துவிட்டால், என் வீட்டில் யார் எடுப்பது?

உங்களையும் நினைத்தேன். சத்துணவுக்கு முன்னால் தவறு சொல்லும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளை நினைத்தேன். தேனரசி பொய் என்று தெரிந்தால் நீங்கள் என்ன ஆவீர்கள்? ஒருவேளை உங்களிலும் யாராவது காலையில் பஸ்ஸில் போகும்போதே ஒரு சின்னத் தவறைத் தயார் செய்து வைத்துக்கொள்கிறீர்களோ? அந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டபோது, இவன் நல்ல மனிதன் என்று தெரியட்டுமே என்று, யாரும் கேட்காமலேயே எல்லாக் கதைகளையும் நகலெடுத்து மொழிபெயர்த்து இணைத்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் யாழினிதான், அப்போது அவளுக்குப் பதினொரு வயது. தான் சொன்ன பொய்களைத் தானே உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறாள். அந்தக் கோப்பு ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. அதற்குள் கத்தாத அப்பாவும், பொய் சொல்லாத மகளும், பிறக்காத தம்பியும் இருக்கிறார்கள். அவர்களை இனி நான் வெளியே எடுக்க முடியாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் அந்தச் சம்மதத் தாளின் குறுக்கே 'சம்மதம் இல்லை' என்று எழுதி, படம் பிடித்துப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். 'ஐந்தாம் மாடி வீடு' முடிந்தது என்று இதழுக்கும் எழுதினேன். மெயின் சுவிட்சை அணைத்தாகிவிட்டது.

அணைத்தால் மட்டும் கதவு திறந்துவிடாது.

7

இப்போது எங்கள் மேசையில் யாரும் தவறு சொல்வதில்லை. உட்கார்ந்ததும் சாப்பிடுகிறோம். முதல் சில வாரங்கள் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இத்தனை வருடம் நாங்கள் பேசியதெல்லாம் அந்த ஒரு வழியாகத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபிளோர்பால் எப்படிப் போகிறது என்று கேட்டால், இந்த ஊர்ப் பேச்சில் "ஓகே லா" என்பாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வரவில்லை. எதைக் கேட்டாலும் குறிப்பெடுக்கக் கேட்பதுபோல எனக்கே தோன்றியது. அவளும் என் சட்டைப் பையைத்தான் முதலில் பார்ப்பாள்.

இந்தக் குறிப்பையும் அவளிடம் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். தமிழில் நீளமாக இருக்கிறதே என்று முனகிக்கொண்டு, பேனாவோடு படித்தாள். இரண்டு இடத்தை அடித்தாள். ஓர் இடத்தில் 'முகம் சிவந்தது' என்று எழுதியிருந்தேன், சிவக்கவில்லை என்றாள். 'களைத்துப்போன முகம்' என்று மாற்றியது அவள்தான். தம்பியைப் பற்றிச் சொன்னதை மட்டும் கட்டாயம் போடச் சொன்னாள்.

போன வாரம் ஒரு மாலை. கலா சாம்பார்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். யாழினி பயிற்சி முடிந்து வந்து, குளிக்காமல், மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ரெடி பண்ணினது இல்ல."

என்ன ஆச்சு, யார், எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை. அம்மா கையிலிருந்த சாம்பார்ச் சட்டியை வாங்கி, அதன் மேல் வைத்தாள்.

பிறகு சொன்னாள். நீளமாக, முன்னுக்குப் பின்னாக, பாதி ஆங்கிலத்தில். எந்தக் கதைக்கும் ஆகாத தவறு. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதாகவும் சொல்லவில்லை. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் ஒரு தலைப்பு ஓடியது. முதல் வரிகூட வந்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை, இனிமேல் தெரிந்துவிடும் என்றும் தோன்றவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். முடித்துவிட்டு, "அவ்ளோதான்," என்றாள்.

சரிம்மா என்றேன். சாம்பார் ஊற்றினாள். சாப்பிட்டோம்.

நோட்டின் அட்டையில் வட்டமாக ஒரு கறை விழுந்திருக்கிறது. உள்ளே அன்றைய தேதியில் ஒன்றும் எழுதவில்லை.